விழுந்தது எந்த லென்ஸ்

கண்ணைக் கசக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் கொட்டாவி விட்டு, இரண்டு கையையும் மடக்கிக் கண்ணில் வைத்து நன்றாகத் தேய்ப்பான். கையை எடுத்தால் அவனுக்கு எல்லாம் முன்பு இருந்தபடியே தெரியும். பிறகு லாரித் தூசியை முகத்தில் வாங்கிக்கொண்டே தூங்கியும் போவான். எனக்கு அவனை எழுப்பி அறையலாம் போல இருக்கும்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்றால், சீட்டில் கெரட்டோகோனஸ் என்று எழுதி, "பயப்படாதீங்க, லென்ஸ் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு. லென்ஸ் போட்டால் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த லென்ஸோடு தூசியிலும் வேலையிலும் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு நயமாக எழுத வராது.

என் பெயர் ஏழுமலை. ஊர் ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு. அப்பா இருந்தவரை நெல் வைத்தோம். பிறகு நிலம் கம்பெனிகளுக்குப் போனது. வந்த பணத்தில் அக்காவை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்தோம். மிச்சத்தில் அம்மா வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி, வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டாள். நான் டிப்ளமா முடித்து, கார் முன்விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து மூன்று அப்போது.

விளக்குக்கு முன்னால் இருக்கிற தெளிவான பிளாஸ்டிக் மூடிக்குக் கம்பெனியில் லென்ஸ் என்று பெயர். என் வேலை கடைசிச் சோதனை ரூமில். லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, கீறல் இருக்கிறதா, தூசிப் புள்ளி இருக்கிறதா, பிளாஸ்டிக் எங்காவது குழி வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது நீலப் பெட்டிக்குப் போகும். கெட்டது சிவப்புப் பெட்டிக்குப் போகும். கீழே விழுந்தது நன்றாக இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குத்தான்.

அந்த ரூமில் இரண்டு டிரெயினிகள். நானும் இசக்கிமுத்துவும். பயிற்சி முடியும்போது ஒருவனைத்தான் நிரந்தரம் செய்வோம், மற்றவன் காண்ட்ராக்டரிடம் போக வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள் என்றால் சட்டை நிறம் வேறு, கேன்டீனில் வரிசை வேறு. எந்த நாளும் கேட்டில் நிறுத்தி, நாளைக்கு வராதே என்று சொல்லலாம். எங்கள் நெல் விளைந்த மண்ணில் நிற்கிற தொழிற்பேட்டைக்குள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழைய எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். என்னைவிடச் சின்னவன். எங்கள் வீட்டு ரூமில்தான் வாடகைக்கு இருந்தான். அவன் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் ஒரு லென்ஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்துப் பார்ப்பேன். அவன் ஊர்க்கதை பேசிக்கொண்டே டிரேயிலிருந்து எடுப்பான். எடுக்கும்போதே "இது ஆகாதுண்ணே" என்று சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவான். சந்தேகத்தில் நான் அதை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கும். விடிய விடிய டிவி பார்த்துவிட்டு வருகிற கண் அது. அதற்காக அவன் ஒரு கேரட்கூடத் தின்றதில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடி உண்டு. கம்பெனியில் சேர்ந்த பிறகு பவர் நிற்காமல் மாறிக்கொண்டே போனது. வாலாஜாபாத் கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்.

"இன்னாபா, போன தபாதான மாத்திகினு போன? எய்த்து தெரியுதா இல்லியா, ஒண்ணு சொல்லு."

"தெரியுது. பக்கத்துல நெழல் மாதிரி இன்னொண்ணு தெரியுது."

"நேத்து சாப்ட்டது இன்னும் எறங்கல போலக்கீது."

நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் தெருவிளக்குக்கு வால் முளைத்திருந்தது. நிலா ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பலதாகத் தெரிந்தது. கம்பெனியில் விளக்கை எரியவிட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரே கோடாக விழுகிறதா என்று பார்ப்போம். எனக்கு மூன்று கோடு விழுந்தது. நடுவில் இருப்பதை நிஜம் என்று வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். இதற்கு நடுவில் அரிப்பு. நன்றாகக் கசக்கினால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். அதனால் கசக்கினேன். அதுதான் கெடுத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் அக்காதான் என்னைச் சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினோம். பிளாட்பாரப் பலகையைக் காட்டி, "படி பார்க்கலாம்" என்றாள். ஊர் பெயர் தெரிந்ததால் படித்தேன். அடுத்த ஸ்டேஷனிலும் காட்டினாள். அதுவும் மனப்பாடம்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பெரிய வேலை. கண்ணின் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். கூப்பிட்டு ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்வார்கள். மறுபடி பெஞ்ச். பக்கத்தில் கிராமத்திலிருந்து வேனில் வந்திறங்கிய கண்புரை ஆட்கள், எல்லாரும் வயசானவர்கள். நான் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து ஓர் அம்மா கேட்டார்.

"இன்னா கண்ணு, இந்த வயசுலயே உனக்கும் பொரையா?"

"இல்லம்மா. வேற."

"ஆப்ரேசன் பண்ணா போயிடும். எங்கூருல ஒர்த்தி மறுநாளே அரிசில கல்லு பொறுக்கனா."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் இன்றைக்கு உள்ளே போய் நாளைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டு வேன் ஏறிவிடுவார்கள். வாழ்ந்து முடித்தவர்களுக்கு ஒரே நாளில் சரியாகிறது. எனக்கு என்ன வியாதி என்றே இன்னும் சொல்லவில்லை.

ஒரு மிஷினில் வட்ட வட்டமான வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அது என் கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்துக் கொடுத்தது. நடுவில் கொஞ்சம் கீழே தள்ளி ஒரு சிவப்புத் திட்டு. டாக்டரம்மா அதைக் காட்டித்தான் பேசினார்.

"கண்ணுக்கு முன்னால ஒரு தெளிவான தோல் இருக்கு. வாட்ச் மேல இருக்கற கண்ணாடி மாதிரி. அது ஒரே சீரா உருண்டையா இருக்கணும். உங்களுக்கு இந்த எடத்துல மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளியிருக்கு. கண்ணை ரொம்ப கசக்குவீங்களா?"

"அரிக்கும் மேடம்."

"இனிமே கை வைக்கவே கூடாது."

எனக்கு உடனே புரிந்தது. மோல்டு கோணிய லென்ஸ். எங்கள் ரூமுக்கு வந்திருந்தால் நானே சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பேன்.

கண்ணாடி ஏன் உதவாது என்று கேட்டேன். வளைவு ஒரே சீராக இருந்தால்தான் கண்ணாடியால் ஈடு செய்ய முடியும், இது கண்டபடி கோணியிருக்கிறது என்றார். செமி சாஃப்ட் என்று சொல்கிற கெட்டியான சின்ன லென்ஸைக் கருவிழியின் மேலேயே வைக்க வேண்டும். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி மேடு பள்ளத்தை அடைத்துவிடும். வெளிச்சம் லென்ஸின் வழவழப்பான முகத்தில் பட்டு நேராக உள்ளே போகும். இது நோயைக் குணப்படுத்தாது, பார்க்க மட்டும் வைக்கும். கூம்பு இன்னும் கூடி லென்ஸே நிற்காமல் போனால், இறந்தவர் ஒருவரின் கருவிழியை எடுத்துத் தைக்க வேண்டி வரும். இதைச் சொன்னபோது அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆஸ்பத்திரி நினைப்பே இல்லை. இசக்கி இந்நேரம் ரூமில் எத்தனை டிரே முடித்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லென்ஸ் பழகுவது பற்றி உள்ளதைச் சொல்கிறேன். முதல் நாள் கண்ணுக்குள் மணல் போட்டு மூடியது போல் இருக்கும். தண்ணீர் கொட்டும். மேலே பார்க்க முடியாது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்து, இறுக்கமா தளர்வா என்று சொல்லி, வேறொன்று போடுவார்கள். மறுபடி மணல். சரியானது அமைய நான் பல தடவை போய்வந்தேன். அமைந்த பிறகும் ஒரேயடியாக நாள் முழுக்கப் போடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். போடும்போது கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். குழாயடியில் நின்று கழுவாதீர்கள், ஓட்டை வழியாகப் போய்விடும். வலது எது இடது எது என்று குழம்பினால் அன்றைய நாள் போச்சு. வெளியே போகும்போது பக்கமும் மூடின கண்ணாடி போடுங்கள், ஆட்கள் ஹீரோ என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். லென்ஸுக்குள் ஒரு தூசி போனால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவீர்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் அம்மா விறகடுப்பைக் கொல்லையின் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் நிறுத்தினாள். சாமி கோவித்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, "சாமிக்குக் கண்ணு நல்லாதான கீது" என்றாள். நான் லென்ஸ் போடும்போது இசக்கி வந்து ஃபேனை அணைத்துவிட்டுப் பேசாமல் நிற்பான். அதுகூட எனக்குப் பிடிக்காது. அவன் பல் விளக்கி முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொள்வான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அடிப்பான். நான் அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை.

ஆனால் லென்ஸ் போட்டுப் போன முதல் நாள், சுவரில் ஒரே ஒரு கோடு விழுந்தது. இசக்கி "ஆகாதுண்ணே" என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கீறலைக் கண்டுபிடித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. பவர் இறங்கிவிட்டது, கண்ணாடி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று புளுகினேன். வியாதி என்று தெரிந்தால் அந்த இடம் போய்விடும். இசக்கியிடம், "வாயத் தொறந்த, ரூம காலி பண்ண வேண்டியதுதான்" என்று சொல்லி வைத்திருந்தேன். "நான் ஏன்ணே சொல்லுதேன்" என்றான்.

பயிற்சி முடியப் போகிற சமயத்தில்தான் அது நடந்தது. எங்கள் மேஜைக்கு மேல் காற்று அடிக்கிற ஏர் கன் தொங்கும். லென்ஸை எடுத்ததும் அதால் தூசியை ஊதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்று காற்று லென்ஸின் வளைவில் பட்டு நேராக என் முகத்துக்குத் திரும்பியது. சிமிட்டினேன். வலது கண் கலங்கி, எல்லாம் மறுபடி வால் முளைத்து நின்றது. லென்ஸ் கண்ணில் இல்லை.

"லென்ஸ் விழுந்துடுச்சு, யாரும் நடக்காதீங்க" என்று கத்தினேன்.

ஒருவனும் நிற்கவில்லை. அங்கே நாளெல்லாம் லென்ஸ் விழும். டிரே தள்ளுகிறவன் தள்ளிக்கொண்டே போனான். சூப்பர்வைசர் பாஸ்கர் சார் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"விழுந்தா எடுத்து ரிஜெக்ட்ல போடு. அதுக்கு இன்னாத்துக்கு ஒப்பாரி வெக்கற?"

"சார், அது இல்ல சார். லென்ஸு..."

"லென்ஸுதான்பா. இங்க இன்னா இட்லியா சுடறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கண்ணில் இருந்த லென்ஸ் என்று சொன்னால் கதை முடிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு தரையில் மண்டியிட்டுத் தடவினேன். இசக்கி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணே, அசையாதீய. ஒங்க சட்டைப் பையிலதான ஒட்டிட்டு இருக்கு."

விரல் நுனியில் எடுத்துக் கொடுத்தான். நியாயமாக எனக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. என் லென்ஸை என்னால் தேட முடியவில்லை. லென்ஸே தேவைப்படாதவன் குனியாமல் கண்டுபிடிக்கிறான்.

கழுவுகிற திரவம் லாக்கரில் இருந்தது. அதற்குப் போக அனுமதி கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். நான் லென்ஸை வாயில் போட்டு எச்சிலில் நனைத்து, அப்படியே கண்ணில் வைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம், இதை மட்டும் வையுங்கள். எச்சில் வைக்காதீர்கள். லைன் நின்றால் நிற்கட்டும், வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலை அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடா கண்ணு இப்டி செவந்து கீது?"

"தூசிம்மா."

அந்தத் தூசியோடு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா ஆள் விட்டு அக்காவை வரவழைத்தாள். அக்கா வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி இருக்குடா" என்றாள். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். கருவிழியில் புண். கிருமி நுழைந்து தோலைத் தின்கிறது. கண்ணை மரத்துப்போக வைத்து, புண்ணைச் சுரண்டி எடுத்து, என்ன கிருமி என்று பார்க்க அனுப்பினார்கள். சுரண்டும்போது வலிக்காது, ஆனால் கத்தி வருவது தெரியும். நான் டாக்டரம்மா பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டதாக அக்கா பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

அதன் பிறகு சொட்டு மருந்துதான் வாழ்க்கை. இரவும் பகலும் மணிக்கொரு தடவை. ஃப்ரிட்ஜில் வைத்த மருந்து, விட்டதும் எரியும். ராத்திரி நர்ஸ் எழுப்ப வருவதற்கு முன்னால் அக்கா எழுந்து உட்கார்ந்திருப்பாள். அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. பில் எவ்வளவு என்று கேட்டேன். "உனக்குதான் எய்த்து தெரியாதே, பேசாம படு" என்று சீட்டைப் பைக்குள் தள்ளினாள். பார்வை திரும்புமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டபோது, புண் ஆறினால் தழும்பு நிற்கும், அது நடுவில் நிற்கிறதா ஓரத்தில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது என்றார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு கண் முழுதாகப் போயிருந்தது. மற்றொரு கண் நன்றாக இருந்தது. அவர்மேலும் எனக்குப் பொறாமைதான். எனக்கு இரண்டும் கூம்பு.

ஞாயிற்றுக்கிழமை இசக்கி வந்தான். ஓரமாக நின்றான்.

"வலிக்காண்ணே?"

"இல்ல, குளுகுளுன்னு கீது. கேக்கறான் பாரு."

"சாப்ட்டீயளா?"

"நாந்தான் ஊட்டிகினு கீறேன் தம்பி, கொயந்தைக்கு ஊட்ற மாதிரி" என்றாள் அக்கா.

இசக்கி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது."

"சொல்லு."

"கம்பெனில லென்ஸு விசயம் தெரிஞ்சிட்டு."

"எவன் சொன்னான்?"

"நான்தான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அக்கா தோளை அழுத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"நீங்க வராத அன்னைக்கு பாஸ்கர் சார் ரிஜெக்ட் பெட்டியக் கொட்டிப் பாத்தாவ. ஏழுமலை கீழ போட்ட லென்ஸு எங்கன்னு கேட்டாவ. அது பெட்டில இல்லன்னா நல்லதோட நல்லதா போயிருக்கும்லா? லாரிய நிறுத்திட்டாவ. லென்ஸு விழுந்த அன்னைக்குப் பேக் பண்ணுன அம்புட்டையும் பிரிச்சுத் திரும்பப் பாருங்கன்னுட்டாவ. ஷிப்ட் முடிஞ்சும் ஒருத்தரையும் விடல. வெளிய பஸ்ஸு நிக்கி. பொம்பளப் பிள்ளைய எல்லாம் ஒங்கள ஏசுதாவ. விழுந்தத நல்ல பெட்டில தள்ளிட்டு லீவு போட்டுட்டான்னு பேசுதாவ. எனக்குப் பொறுக்கல. இல்லாத லென்ஸ எங்க போயித் தேட? அதான், விழுந்தது கண்ணுல போடுத லென்ஸுன்னு சொன்னேன்."

"நல்ல காரியம் பண்ண. இனிமே அந்த எடம் உனக்குத்தான்."

"நான் அதுக்குச் சொல்லலண்ணே. நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணிருப்பீய?"

"உன் எடத்துல நான் இருந்தா இந்தக் கட்டில்ல படுத்திருக்க மாட்டேன்டா."

அவன் கொண்டுவந்த சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனான். அக்கா என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. சொட்டு மட்டும் தவறாமல் விட்டாள்.

புண் ஆறியது. தழும்பு ஓரத்தில் நின்றது. அதற்கு டாக்டரம்மா என்னைவிடச் சந்தோஷப்பட்டார். பல மாதம் லென்ஸ் கூடாது, பிறகு புதிதாக அளவெடுத்துப் போடலாம் என்றார். நான் அந்தக் கண்ணோடு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் உட்கார வைத்துத்தான் பேசினார்.

"உன்னை ஒண்ணும் குறை சொல்லலப்பா. ஆனா ஒரு லென்ஸ் விழுந்தா லைனே நிக்குது."

"கண்ணாடி போட்டவங்க இங்க எத்தனையோ பேர் இருக்காங்க சார். கண்ணாடியும்தான் விழும்."

"கண்ணாடி விழுந்தா எல்லாருக்கும் தெரியும்பா."

 நான் என்ன சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். நான் காண்ட்ராக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன். இசக்கி நல்லது என்று தள்ளுகிற லென்ஸைத்தான் அங்கே பெட்டியில் அடுக்குகிறோம். பிறகு புது லென்ஸ் வந்தது. இப்போது நாள் முழுக்கப் போடுகிறேன். திரவம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. விழுந்தால், "கண்ணு லென்ஸ்" என்று கத்துகிறேன். நிற்கிறார்கள். வேலைக்காக நோயை ஒளித்துக் கண்ணைக் காப்பாற்ற முடியாது. சேரும்போதே சொல்லிவிடுங்கள். எடுக்காவிட்டால் போகட்டும், புண்ணாவது மிஞ்சாது.

இசக்கிக்கு நிரந்தர ஆர்டர் வந்த அன்று அவன் ரூமுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் மைசூர்பாகு பெட்டி. அம்மா காலில் விழுந்தான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பெற்ற பிள்ளைக்கு வந்த மாதிரி அவன் கன்னத்தை வழித்தாள்.

"எல்லார் கண்ணும் உன் மேலதான் இருக்கும். உக்காருடா, சுத்திப் போடறேன்."

இசக்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏழுமலையண்ணன் கண்ணு மட்டும் படக் கூடாதும்மா. அவிய ஒரு தடவ பாத்தா மூணு கண்ணுல்லா படும்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நல்ல தமாஷ்தான். வேறு யாரையாவது பற்றி என்றால் நானும் சிரித்திருப்பேன்.

அம்மா உப்பையும் காய்ந்த மிளகாயையும் எடுத்து அவன் தலையைச் சுற்றினாள். துப்பச் சொன்னாள். கொல்லைக் கடைசியில் இருக்கிற அடுப்புக்குப் போகும்போது என்னிடம் திரும்பி, "நீ உள்ள போயி கதவ சாத்திக்க. பொக உன் கண்ணுக்கு ஆவாது" என்றாள்.

உள்ளே போனேன். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிளகாயை நெருப்பில் போட்டால் நெடி ஏறி எல்லோரும் இரும வேண்டும். திருஷ்டி இருந்தால் மட்டும் நெடி வராது என்பார்கள். இசக்கி துண்டை மூக்குக்குக் கிட்டே தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா கொட்டினாள். புதிய லென்ஸில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மிளகாய் கறுத்தது, வெடித்தது, புகை நேராக அவர்கள் முகத்துக்குப் போனது. நான் இருமல் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் இருமவில்லை. இசக்கி துண்டை இறக்கினான்.

"பாத்தியா" என்றாள் அம்மா. "ஒரு நெடி உண்டா பாரு. எவனோ நல்லா வெச்சிகிறான்டா கண்ணு."

"யாரும்மா அது?"

"யார கண்டோம். அம்மாம் பெரிய கம்பெனி."

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். இத்தனை டாக்டர்கள் பார்த்து பலவீனம் என்று எழுதிக் கொடுத்த என் கண் அது. அவன் கொண்டுவந்த பெட்டி ஸ்டூலின் மேல் திறந்திருந்தது. ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.